பழைய காரை வீட்டிலேயே சரிசெய்வது: புதுப்பேட்டைப் பொருளை வைத்து, வரிசை மாறாமல்

15 வயதைத் தாண்டிய பெட்ரோல் காரை வீட்டு வாசலிலோ அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலோ வைத்துத் தானே சரிசெய்ய நினைப்பவர்களுக்கு இது. எடுத்துக்காட்டுகள் மாருதி 800, ஜென் பக்கம்தான் சாயும். சென்னையில் பழைய பொருள் தாராளமாகக் கிடைப்பது அவற்றுக்குத்தான். சான்ட்ரோ, இண்டிகா வைத்திருந்தாலும் வரிசை இதேதான்.

புதிதாக இறங்குகிறவர்கள் சறுக்குவது ஸ்பேனர் பிடிப்பதில் இல்லை. முதலில் சென்னையில் பழைய வண்டி உதிரிகள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய்க் கண்ணில் பட்டதை அள்ளி வருகிறார்கள்; அதற்கப்புறம்தான் பானெட்டைத் திறக்கிறார்கள். வாங்கி வந்த ஆல்டர்னேட்டரின் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது) பிராக்கெட் வேறாக இருக்கும், அல்லது ஆல்டர்னேட்டரில் பழுதே இருந்திருக்காது. முதலில் கண்டுபிடிப்பது, அடுத்து கழற்றுவது, கடைசியில்தான் வாங்குவது. கீழே உள்ளதெல்லாம் இந்த வரிசையின் விவரம்தான்.

1. ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதற்குப் பிறகு படிவம் 25-இல் விண்ணப்பித்து, ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டி, 5 ஆண்டு 5 ஆண்டாகப் புதுப்பிக்கவேண்டும். பதிவு முடியும் தேதிக்கு 60 நாளுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தேதி ஏற்கெனவே போயிருந்தால் அதற்கான கட்டணத்தையும் அபராதத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, வண்டி அதற்குப் பெறுமா என்று இப்போதே முடிவெடுங்கள். பிரேக்குக்கும் டிங்கரிங்குக்கும் செலவழித்த பிறகு யோசிப்பதில் பயனில்லை.

சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் தேடிப்பிடித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். துரு தின்று எண் மங்கியிருந்தால் கம்பித்தூரிகையால் தேய்க்காதீர்கள். துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தால் போதும். எண் அழிந்தால் அழித்தது யார் என்ற கேள்வி உங்களிடம்தான் வரும்.

எஞ்சினையே மாற்றுவது, வண்டியின் நிறத்தை மாற்றுவது, கேஸ் கிட் போடுவது போன்றவை ஆர்.டி.ஓ.வில் ஒப்புதல் பெற்று ஆர்.சி.யில் ஏற்றவேண்டியவை. முதல் தடவை செய்கிறவர் இவற்றைத் தொடவேண்டாம். கழற்றி மாட்டும் உதிரிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2. பழுது எது என்று தெரியாமல் பைசா செலவழிக்காதீர்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் வண்டியிலேயே இருக்கட்டும். எப்போது சத்தம் வருகிறது, திருப்பும்போதா பிரேக் பிடிக்கும்போதா, காலையில் ஸ்டார்ட் ஆக எத்தனை செல்ஃப், கீழே சொட்டுவது என்ன நிறம் என்று எழுதுங்கள். இரவில் எஞ்சினுக்கு அடியில் பழைய அட்டை ஒன்றைப் போட்டுவைத்தால் ஒழுகும் இடம் காலையில் தெரியும். கறுப்பாகப் பிசுபிசுத்தால் எஞ்சின் ஆயில். பச்சையோ சிவப்போ ஆகித் தண்ணீர்போல் இருந்தால் கூலண்ட். சக்கரத்துக்கு அருகில் வெளிர்மஞ்சளாக இருந்தால் அது பிரேக் ஆயில். வண்டியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

சென்னையில் பழைய வண்டியின் முதல் புகார் சூடு என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். சிக்னலில் நிற்கும்போது முள் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்றால் ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள். ஃபேனின் பிளக்கைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுங்கள். சுற்றினால் ஃபேன் நல்லது. ஃபியூஸ், ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போடும் சுவிட்ச்), சூட்டைப் பார்த்து ஃபேனைப் போடும் சுவிட்ச் இவற்றில் ஒன்று போயிருக்கிறது. ஓடும்போதும் ஏறினால் தண்ணீர் அளவு, பெல்ட், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு), ரேடியேட்டர் அடைப்பு என்று விலை குறைந்ததிலிருந்து விலை கூடியதற்குப் போங்கள். மாருதி 800-இல் வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. பேட்டரி விளக்கு எரிந்து கூடவே சூடும் ஏறினால் முதலில் அந்தப் பெல்ட்டைத்தான் பார்க்கவேண்டும்.

'நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு' என்று சொல்லி அதைக் கழற்றி எறிந்த மெக்கானிக்குகள் நிறைய உண்டு. உங்கள் வண்டியிலும் அந்த இடம் காலியாக இருக்கலாம். அது இல்லாமல் எஞ்சின் தன் சூட்டுக்கு வர நேரமெடுக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயில் சீக்கிரம் கெடும். புதிதாகவே ஒன்று வாங்கிப் போடுங்கள். போடுவதற்கு முன் பாத்திரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டுக் கொதிக்கவைத்தால், அதன்மேல் பொறித்திருக்கும் சூட்டுக்குப் பக்கத்தில் வால்வு திறக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும்.

கரண்ட் பக்கத்துக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் அருகே இருந்தால் நிறைவு, 12.2-க்குக் கீழே போனால் பாதிகூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது, ஹெட்லைட் போட்ட நிலையில், 13.8 முதல் 14.4 வரை காட்டவேண்டும். இந்த அளவு வந்தும் வண்டி காலையில் எழவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைக் குறைசொல்லாதீர்கள். பேட்டரி, எர்த் வயர், செல்ஃப் மோட்டார் என்று பாருங்கள். எர்த் வயர் பாடியைத் தொடும் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் தேய்த்து மாட்டியதிலேயே சரியான வண்டிகள் ஏராளம். திருவான்மியூர், பெசன்ட் நகர், எண்ணூர் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிக்கு இதுதான் முதல் வேலை.

3. இடமும் கருவியும்

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கவேண்டும். சரிவான பார்க்கிங்கில் வண்டியைத் தூக்காதீர்கள். வண்டியோடு வந்த ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பி அடியில் படுக்கக்கூடாது. இரண்டு ஆக்சில் ஸ்டாண்டு வாங்குங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பாரத்தில் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். தூக்காத சக்கரங்களுக்கு இரு பக்கமும் மரக்கட்டை அண்டக் கொடுங்கள்.

ஸ்பேனர் செட் பெரிதாக வேண்டாம். மாருதியில் பெரும்பாலான வேலை 10, 12, 14, 17-இலேயே முடிந்துவிடும். இந்த நான்கு அளவிலும் ரிங் ஸ்பேனரும் பாக்ஸும் நல்ல கம்பெனியில் வாங்குங்கள், மற்றவை மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. ஓப்பன் ஸ்பேனரால் இறுகிய போல்ட்டைத் திருகினால் மூலை மழுங்கிவிடும், ரிங் ஆறு பக்கமும் பிடிக்கும். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) வாங்க மனமில்லை என்றால் தெரிந்த பட்டறையில் கேட்டு வாங்கி வாருங்கள். ஹெட் போல்ட்டையும் சக்கர நட்டையும் கைக்கணக்கில் இறுக்கக்கூடாது.

அபார்ட்மென்ட் என்றால் சங்கத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பக்கத்து வண்டிக்காரர் புகார் சொல்லுவது உங்கள் வேலையைப் பற்றி இருக்காது, தரையில் சிந்திய ஆயிலைப் பற்றித்தான் இருக்கும். தட்டு வைத்து வடியுங்கள், மரத்தூள் ஒரு மூட்டை கைவசம் இருக்கட்டும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து மெக்கானிக் கடையில் கொடுத்தால் அவர்கள் பழைய ஆயில் வாங்குகிறவரிடம் சேர்த்துவிடுவார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்த வாசலில் பெரிய வேலை எதையும் பிரிக்காதீர்கள். பாதி பிரித்த வண்டியைத் தண்ணீர் தேங்கும் தெருவிலிருந்து நகர்த்தமுடியாது.

4. எதைப் பழையதாக வாங்கலாம்

பழையதாகவே வாங்குங்கள் என்று நான் சொல்லுவது: கதவு, கண்ணாடி, பம்பர், ஹெட்லைட் கூடு, பின்விளக்கு, கண்ணாடி ஏற்றும் மெஷின், கதவுப் பூட்டு, சீட், டேஷ்போர்டு உறுப்புகள், மீட்டர், சுவிட்ச், பிராக்கெட், ஸ்டீல் சக்கரம், ரேடியேட்டர் ஃபேன் மோட்டார். பத்து வண்டியில் எட்டில் இவை தேயாமல் இருக்கும். புதியது கிடைத்தாலும் பெரும்பாலும் டூப்ளிகேட்டாக, மாட்டும்போது இடுக்கு சேராததாக இருக்கும். வண்டியிலிருந்து கழற்றிய கம்பெனிப் பொருளுக்குப் பக்கத்தில் அது நிற்காது.

இரண்டாம் வகை, பழையதாக வாங்கிப் பிரித்துப் புதுப்பித்து மாட்டவேண்டியவை: ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், கேலிப்பர் கூடு. இவற்றின் உலோக உடலுக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். உள்ளே பிரஷ், பேரிங், ரப்பர், கேஸ்கெட் எல்லாம் புதிது போடவேண்டும்.

எந்த விலைக்குக் கிடைத்தாலும் பழையதாக வாங்கக்கூடாதவை: பிரேக் பேட், ஷூ, ஹோஸ், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்கள், டைமிங் பெல்ட், ஃபேன் பெல்ட், பெட்ரோல் குழாய், தண்ணீர் ஹோஸ், பால் ஜாயின்ட், டை ராட் முனை, சீட் பெல்ட், கிளட்ச் பிளேட். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் கெடும். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். சீட் பெல்ட் ஒருமுறை விபத்தில் இழுபட்டிருந்தால் நூல் நீண்டிருக்கும், பார்த்தால் தெரியாது. புதியது வாங்க அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போங்கள். ஜி.பி. ரோடு என்றால் எந்த ஆட்டோக்காரருக்கும் தெரியும்.

டயரும் இதே கணக்குதான். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் (தேயாத ரப்பர்) எவ்வளவு இருந்தாலும் பழைய தேதியைத் தொடாதீர்கள்.

விலைக்கு என் கணக்கு எளிது. கழற்றின பொருளுக்குப் புதியதில் பாதிக்கு மேல் கேட்டால் ஜி.பி. ரோட்டுக்கு நடையைக் கட்டவேண்டும். கண்ணாடியும் கதவும் மட்டும் விதிவிலக்கு.

5. கழற்றிய பிறகுதான் கடைக்கு

பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவ் பக்கம் ஸ்பேனர் வைத்திருக்கும்போது அது பாடியில் பட்டால் பொறி பறக்கும். நெகட்டிவ் ஏற்கெனவே விலகியிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

ஒவ்வொரு படியிலும் செல்போனில் படம் எடுங்கள், கையை விலக்கிவிட்டு, எந்த வயர் எதன் மேலே போகிறது என்று தெரியும்படி. வயருக்கு மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள். கழற்றிய போல்ட்டை ஒரே டப்பாவில் கொட்டாமல், வந்த ஓட்டையிலேயே இரண்டு சுற்றுச் சுற்றி வைத்துவிடலாம். முடியாதபோது முட்டை அட்டை உதவும். ஒரே ஆல்டர்னேட்டரில் நீளமான போல்ட் கீழேயும் குட்டை போல்ட் மேலேயும் இருக்கும். மாற்றிப் போட்டால் நீளமானது எதிலாவது போய் முட்டும்.

துருப்பிடித்த போல்ட்டில் அவசரம் கூடாது. முந்தின இரவே டபிள்யூ.டி.-40 மாதிரி ஆயிலை அடித்து ஊறவிடுங்கள். காலையில் கம்பித்தூரிகையால் மரையின் வெளியே தெரியும் பகுதியைத் தேய்த்துவிட்டு, மறுபடி அடித்து, ஸ்பேனரை வைத்துச் சுத்தியால் தலையில் நாலு தட்டுத் தட்டுங்கள். முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு திருகி, பிறகு கழற்றும் பக்கம். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தால் துரு விட்டது. சத்தம் இல்லாமல் மெழுகு மாதிரி இழுத்துக்கொண்டே போனால் நிறுத்துங்கள், போல்ட் முறுகிக்கொண்டிருக்கிறது, இன்னும் கால் சுற்றில் தலை கையோடு வரும். அப்படி ஒடிந்துபோனால் துளை போட்டு எடுக்க லாத் பட்டறைக்காரரைத்தான் கூப்பிடவேண்டும். எஞ்சின் பிளாக்கில் நீங்களே டிரில் வைக்காதீர்கள்.

கழற்றிய பழைய பொருளை மண் தட்டி, கோணிப்பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோ போதாது. மாருதி 800 என்ற பெயரில் 1983 டிசம்பரிலிருந்து 2014 ஜனவரி வரை வண்டி வந்தது. 1986-இல் பாடியே மாறியது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் போய், அதை எலக்ட்ரானிக் முறையில் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது, இடையில் சின்னச் சின்ன பிளக்கும் பிராக்கெட்டும் மாறிக்கொண்டே இருந்தன. 'எய்ட் ஹண்ட்ரடுக்கு வேணும்' என்று கேட்டால் கடைக்காரர் கையில் கிடைத்ததைத் தருவார், அவர்மேல் தப்பில்லை. எந்த ஆண்டு, எந்த மாதம், கார்புரேட்டரா எம்.பி.எஃப்.ஐ.யா, ஏசி உண்டா என்று ஒரு சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. புதுப்பேட்டையில்

எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம். காரில் போனால் நிறுத்த இடம் கிடைக்காது, வழியும் ஒரு டெம்போ மட்டும் போகிற அளவுதான். காலையில் போங்கள். வெளிச்சத்தில்தான் விரிசல் தெரியும், அவசரம் இல்லாத கடைக்காரர்தான் பேட்டரி வைத்துச் சோதித்துக் காட்டுவார்.

ஒவ்வொரு கடைக்கும் ஒரு வகை உண்டு. கதவு, பானெட் அடுக்கியிருப்பவரிடம் ஆல்டர்னேட்டர் கேட்டால் 'இரு சார்' என்று பையனை வேறு கடைக்கு அனுப்பி வாங்கித் தருவார், அதில் அவர் பங்கும் சேரும். பொருளைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுங்கள்.

"இன்னா மாடல் சார்?"

"ரெண்டாயிரத்து மூணு, எம்.பி.எஃப்.ஐ. ஏசி வண்டிண்ணே. பழசைக் கொண்டாந்திருக்கேன், பாருங்க."

பையிலிருந்து பழையதை எடுத்து வைத்ததுமே பேச்சு மாறிவிடும். எதிரில் நிற்பவருக்கு வேலை தெரியும் என்று புரிந்துவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போல்ட் ஓட்டை, புல்லியின் பள்ளம், பிளக்கின் பின் எண்ணிக்கை, சுற்றும் திசை என்று ஒப்பிடுங்கள்.

ஆல்டர்னேட்டர் என்றால் புல்லியைக் கையால் சுற்றுங்கள். மணல் அரைக்கிற மாதிரி கரகரத்தால் பேரிங் போயிருக்கிறது, அது பரவாயில்லை, மாற்றிவிடலாம். ஆனால் புல்லியைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறதென்றால் பேரிங் உட்காரும் கூடே தேய்ந்திருக்கலாம்; அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பின்பக்க ஓட்டை வழியாகச் செல்போன் டார்ச் அடித்துச் செம்புக் கம்பியைப் பாருங்கள். தேன் நிறமாக இருந்தால் நல்லது. கருகி, மூக்கருகே கொண்டுபோனால் எரிந்த வார்னிஷ் வாடை வந்தால் வேண்டாம். செல்ஃப் மோட்டாரைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேட்டரி கொடுத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். சும்மா விட்டுச் சுற்றினால் துள்ளி ஓடும்.

ரேடியேட்டரைச் சாய்த்து மூடி வாய் வழியாகப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் படிவம் கட்டியிருந்தால் யாரோ போர்த்தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். கதவு என்றால் கீழ்விளிம்பில் காந்தம் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, மேலே பூசிய பட்டிதான்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளின் பொருள் தனிக்கதை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் சென்னையில் எண்ணற்ற கார்கள் தண்ணீரில் நின்றன. அவற்றின் கதவும் கண்ணாடியும் வாங்கலாம். வயரிங், மீட்டர், ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), மோட்டார் எதுவும் வாங்கக்கூடாது. சோதிக்கும்போது வேலை செய்யும், சில மாதத்தில் பிளக்குக்குள் பச்சை பூத்து நிற்கும். பொருள் இன்னும் வண்டியிலேயே இருந்தால் சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். மேல்பாதி சுத்தமாக, உருளைக்குள் இருந்த கீழ்ப்பாதியில் ஒரு கோட்டுக்கு அப்புறம் களிமண் நிறமாக இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. தனிப்பொருள் என்றால் பிளக்கின் பின்களுக்கு நடுவே டார்ச் அடித்தால் வண்டல் தெரியும்.

ஈ.சி.யூ. வாங்கவேண்டி வந்தால் அதன்மேல் உள்ள பாகஎண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும். சாவியில் இம்மொபிலைசர் (வேறு சாவிக்கு எஞ்சினை எழவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டியில் சாவி, இம்மொபிலைசர் பெட்டி, ஈ.சி.யூ. மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து செட்டாகத்தான் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் வண்டி எழாது.

பிளக்கோடு வரும் எந்தப் பொருளையும் கழுத்தோடு வெட்ட விடாதீர்கள். 'ஒரு சாண் வயர் விட்டு வெட்டுங்கண்ணே' என்று நின்று வாங்குங்கள். பிராக்கெட், போல்ட், கிளிப் எல்லாவற்றையும் அப்போதே கேட்டுவிடவேண்டும். பிறகு போனால் தனியாகக் கிடைக்காது.

சீட்டு எழுதி, கடை முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். செட் ஆகாவிட்டால் மாற்றித் தருவாரா, எத்தனை நாளுக்குள் என்று அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். ஆவணம் காட்டாத எஞ்சின், எண் சுரண்டிய பொருள், மற்ற கடைகளை விடப் பாதி விலைக்கு வரும் பளபளப்பான சக்கரம் இவற்றை விட்டு விலகிவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் குற்றம்தான்.

7. வந்ததை அப்படியே மாட்டாதீர்கள்

கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, புதிய கேஸ்கெட் கிட் போடுங்கள். பெட்ரோல் வரும் ஜெட் ஓட்டையைக் கம்பியால் குத்தக்கூடாது. ஓட்டை பெரிதானால் மைலேஜ் போயிற்று. காற்று அடித்து ஊதுங்கள். ஆல்டர்னேட்டரை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து பிரஷ்ஷும் இரண்டு பேரிங்கும் மாற்றி, அவரது பெஞ்சிலேயே சுற்றவைத்து வோல்ட் பார்த்து வாங்குங்கள். வண்டியில் மாட்டிய பிறகு கழற்றுவது இரட்டை வேலை.

டிரம் வாங்கியிருந்தால் அதன்மேல் வார்த்திருக்கும் அதிகபட்ச விட்ட அளவையும், டிஸ்க் என்றால் குறைந்தபட்ச தடிமனையும் வெர்னியரில் பாருங்கள். அளவு தாண்டியதை லாத்தில் கொடுத்தாலும் பயனில்லை.

சிலிண்டர் ஹெட் வாங்கியவர்கள் நேரான உருக்குப் பட்டியை வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) கோணலைப் பாருங்கள். சுஸுகி வகை எஞ்சின்களில் 0.05 மி.மீ.க்கு மேல் நுழைந்தால் லாத் பட்டறையில் முகம் வழித்துத்தான் மாட்டவேண்டும்.

8. மாட்டும் வரிசை

முதலில் வண்டி பிரேக் பிடித்து நிற்கவேண்டும், பிறகு சூடேறாமல் ஓடவேண்டும், பிறகு கரண்ட், அதற்கப்புறம்தான் சஸ்பென்ஷனும் பாடியும். பலர் பெயின்டிலிருந்து தொடங்குவார்கள். எஞ்சின் வேலையில் அந்தப் பெயின்டையே கீறிவிடுவார்கள்.

பிரேக் வேலையில் ஒரு சமயத்தில் ஒரு பக்க டிரம்மை மட்டும் பிரியுங்கள். ஸ்பிரிங் எது எங்கே என்று குழம்பினால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஷூ, பேட் எல்லாம் ஜோடியாகத்தான் மாற்றவேண்டும், ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் ஆயில் கண்டெய்னரின் மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருக்கும், அதையே போடுங்கள், சீல் உடைக்காத டப்பாவில். திறந்து வைத்தது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு சூட்டில் கொதித்துவிடும். உறுப்புகளைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவினால் ரப்பர் ஊதிப்போகும். பிரேக் கிளீனரோ அதே பிரேக் ஆயிலோ போதும்.

பிரேக் குழாயிலிருந்து காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே இருக்கும் நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். வண்டியின் கையேடு வேறு சொல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். இந்த ஒரு வேலையில் உங்களுக்கே சந்தேகம் இருந்தால், ஓட்டும் முன் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். கௌரவம் பார்க்கும் இடம் இது இல்லை.

கூலிங்குக்குப் பழைய தண்ணீரை வடித்து, ஹோஸ்களும் கிளாம்ப்புகளும் புதிது போட்டு, ரெடிமிக்ஸ் கூலண்ட்டோ டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலண்ட்டோ ஊற்றுங்கள். போர்த்தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஊற்றிய பிறகு மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டால் குமிழி வந்து காற்று வெளியேறும். ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை காத்திருங்கள்.

9. மேம்படுத்துவது

சரிசெய்து முடித்து, சில வாரம் ஓட்டின பிறகே இதற்கு வாருங்கள். புதிதாக ஏதாவது கோளாறு வந்தால் அது பழைய பழுதா, புதிதாக மாட்டியதா என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்கமுடியும்.

செலவுக்கு அதிகப் பலன் ஹெட்லைட் ரிலே. பழைய வண்டியில் விளக்கின் கரண்ட் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாக மெல்லிய வயரில் சுற்றி வருகிறது. விளக்கை எரியவிட்டு பேட்டரி பாசிட்டிவுக்கும் பல்ப் ஹோல்டருக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வளவும் வழியிலேயே வீணாகிறது. இரண்டு 60 வாட் பல்ப் என்றால் 12 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயில் 30 என்று எழுதிய முனைக்கும், 87-இலிருந்து விளக்குக்கும் தடித்த வயர் போடுங்கள். பழைய வயர் 85, 86-க்குப் போய் ரிலேயை இயக்க மட்டும் செய்யட்டும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, ஆக இரண்டு ரிலே. ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகள் சிலவற்றில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும் என்பதால், வெட்டும் முன் டெஸ்ட் லேம்ப்பால் எந்த வயர் எப்போதும் உயிரோடு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ரிலேயையும் ஹோல்டரையும் புதுப்பேட்டையிலேயே பெரிய காரிலிருந்து கழற்றி வாங்கலாம். வயரும் ஃபியூஸும் புதிது. இதற்குப் பதிலாக 100/90 வாட் பல்ப்பை மாட்டினால் ஹோல்டர் உருகும், எதிரில் வருபவருக்குக் கண் கூசும்.

சீட் மாற்றுகிறவர்கள் தண்டவாளத்தின் நான்கு ஓட்டைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து எடுத்துப்போங்கள். தரைத் தகட்டில் புதிய ஓட்டை போட்டு, வாஷர் வைத்து மாட்டின சீட் ஒரு இடியில் பிடுங்கிக்கொள்ளும். அதே ஓட்டையில் உட்காராத சீட்டை விட்டுவிடுங்கள்.

பவர் விண்டோ செய்யலாம், ஆனால் கதவோடு சேர்ந்த வயர்க்குழாய், சுவிட்ச், மெஷின் மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வந்தால் மட்டும். அகலமான டயருக்கு ஆசைப்படுகிறவர்கள் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, உரசுகிறதா என்று பாருங்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத 800-க்கு அது வேண்டாத சுமை என்பது என் எண்ணம்.

10. ஓட்டிப் பார்ப்பதும் எஃப்.சி.யும்

முதலில் நின்ற இடத்திலேயே. பெடலை மிதித்துப் பிடித்திருங்கள். மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. பிறகு காம்பவுண்டுக்குள் நடை வேகம், ஹேண்ட்பிரேக். அடுத்து தெருவைச் சுற்றி, பகல் நேரத்தில். வந்ததும் நான்கு சக்கரத்தின் நடுவையும் புறங்கையால் அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நெரிசலில் ஓட்டவேண்டும். மாலை ஆறரைக்கு கத்திப்பாராவைத் தாண்டிச் சூடேறாமல் வந்தால் கூலிங் வேலை சரி. இ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் வேகமாக ஓட்டுவது அதற்கும் பிறகு.

எஃப்.சி.க்கு, அதாவது பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டும் சோதனைக்கு, கொண்டுபோகும் முன் ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், ரிவர்ஸ் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். புகைச் சான்றிதழ் முன்கூட்டியே எடுங்கள், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு. குளிர்ந்த எஞ்சினில் அளவு கூடிக் காட்டும். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கவேண்டும். சேசிஸ் எண் இருக்கும் இடத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு போனால் இன்ஸ்பெக்டர் தேடும் நேரம் மிச்சம். மாட்டிய பொருளுக்கான கடைச் சீட்டுகளை ஆர்.சி. நகலோடு ஒரே கவரில் போட்டு வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.